நீலக்கரைத் துண்டு

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் பாதிக் கோபம் போய்விடும். எனக்கு அது முழுசாக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் அப்போது போலவே சிவப்பு மையில் திருத்தி அனுப்பு.

ஏழாவது ரவுண்டு. குத்துச்சண்டைப் பட்டத்துக்கான போட்டி. மூன்று நடுவர்களில் இரண்டு பேருடைய தாளில் நான்தான் முன்னால் இருந்தேன். முடிந்த பிறகு மாஸ்டர் காட்டினார். இன்னும் மூன்றே ரவுண்டு. நான் நின்றுகொண்டிருந்தேன், அக்கா. விழவில்லை. முழங்கால் தரையில் படவில்லை. ரெஃப்ரி ஒன்று என்றுகூட எண்ணவில்லை. என் காலடியில் வெள்ளையாக ஏதோ வந்து விழுந்தது. எதிராளி, அந்த இடதுகைக்காரனின் ஆள் எவனோ வேண்டுமென்றே எறிகிறான் என்று நினைத்தேன். பிறகு நீலக்கரையைப் பார்த்தேன்.

நம் துண்டு. உன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கழித்துப் போட்டதை நீ வீட்டுக்குக் கொண்டுவந்த துண்டு.

இருபத்திரண்டு போட்டி, பத்தொன்பது வெற்றி. அத்தனைக்கும் என் கையைக் கட்டியது நீ. அதற்காகத்தான் மாஸ்டர் உன்னைக் கார்னரில் உட்கார வைத்தார். கார்னரிலிருந்து துண்டை எறிந்தால் போட்டி முடிந்தது, தோல்வியை ஒப்புக்கொண்டோம் என்று அர்த்தம். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

ரெஃப்ரி அவன் கையைத் தூக்கினார். அவனுக்கே வெட்கமாக இருந்தது, தரையைப் பார்த்தான். கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "என்னப்பா, அக்கா சாப்பிடக் கூப்பிடுறாங்களா?" மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் இடது காதில் இருக்கிறது. வலது காதில் இல்லை. இடது காதில் மட்டும்.

கிளம்புகிறேன். வேறு ஊர், வேறு பயிற்சிக்கூடம். மாஸ்டரும் வருகிறார். என் கட்டிலை விற்றுவிடு.

ஒரே கேள்வி. ஏன்?

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

பிழை மூன்று. திருத்தவில்லை.

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். கிழித்துவிட்டேன். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாகிவிடும்.

நீ நின்றுகொண்டிருந்தாய். உண்மை. ஆனால் ஆறாவது ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் நீ எந்த மூலைக்குப் போனாய் என்று யாரையாவது கேள். அவன் மூலைக்குப் போனாய். அவனுடைய ஸ்டூலில் உட்காரப் பார்த்தாய். நீ கெத்துக் காட்டுகிறாய் என்று கூட்டம் கைதட்டியது. மாஸ்டர்கூடச் சிரித்துக்கொண்டே ஓடிவந்து உன் கையைப் பிடித்து இழுத்தார். நான் சிரிக்கவில்லை. உன்னைத் தெரியாதா எனக்கு? உனக்குக் கெத்துக் காட்டவே வராது.

பிறகு என் எதிரில் உட்கார்ந்து ஒன்று கேட்டாய். அது என்னவென்று இப்போது எழுத மாட்டேன். எழுதினால் நீ திரும்பி வரவே மாட்டாய் என்று பயமாக இருக்கிறது.

உன் வெள்ளைக் கால்சட்டையைத் துவைத்துவிட்டேன். நீ எப்போதும் அவசரப்பட்டு வெந்நீரில் போடுவாய். ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, கறை நூலுக்குள் வெந்து அங்கேயே தங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தேன். போய்விட்டது. இடுப்புப் பட்டையில் மட்டும் ஒரு புள்ளி.

கட்டிலை விற்கவில்லை. கீழே மோட்டார் பட்டறையில் சுத்தியலை எடுத்தால் அது அப்படியே ஆடுகிறது, நீ அதில் புரண்டு படுக்கிற மாதிரி.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

இரண்டு போட்டி ஆடினேன். இரண்டும் வெற்றி. ஒருவனை மூன்றாவது ரவுண்டில் படுக்க வைத்தேன். பேப்பரில் படம் வந்தது. கத்தரித்து அனுப்பியிருக்கிறேன். பெருமைக்கு அல்ல. நான் நன்றாக இருக்கிறேன் என்று நீ பார்க்க வேண்டும்.

இந்தக் கூடம் பழைய கிடங்கு. தகரக் கூரை. மதியம் உள்ளே நின்றால் மணல் மூட்டையை அடிக்கவே வேண்டாம், சும்மா நின்றாலே எடை குறையும். பன்னிரண்டு பேர். எல்லாரும் என்னை 'துண்டு' என்று கூப்பிடுகிறார்கள். கதை எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. "டேய் துண்டு, முதுகு துடைச்சு விடுறா." முதல் நாள் ஒருவனை அடித்தேன். இப்போது நானும் சிரிக்கிறேன்.

இங்கே கை கட்டிவிடுகிறவன் பொட்டலம் கட்டுகிற மாதிரி கட்டுகிறான். மணிக்கட்டில் மூன்று சுற்று, கட்டைவிரல், ஒவ்வொரு விரல் இடுக்கு, மறுபடி மணிக்கட்டு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். கட்டி முடித்ததும் சும்மா எழுந்து போய்விடுகிறான். நீ கைமுட்டியில் இரண்டு தட்டுத் தட்டி "போ" என்பாயே. அது இல்லாமல் ரிங்கில் ஏறுவது கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் கிளம்புகிற மாதிரி இருக்கிறது. இதைக் கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

தங்கியிருக்கும் லாட்ஜில் என் அறை எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன். எல்லா மாடியும் ஒரே மாதிரி இருக்கிறது. யாராக இருந்தாலும் குழம்பும்.

மூலை மாறிப் போனேன் என்று எழுதியிருந்தாய். வெளிச்சம் கண்ணில் அடித்தது. அவ்வளவுதான்.

அப்படி என்ன கேட்டேன் உன்னிடம்?

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன்.

உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. அம்மா இறந்துபோன வருடம். அப்பா அதற்கு முன்பே போயிருந்தார், அவர் தன் காலால் நடந்து போனார். நான் சலவைக்கூடத்தில் சேர்ந்தேன். நீ பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த மாஸ்டரின் கூடத்தில் சேர்ந்தாய். இப்போது பேட்டியில் எல்லாம் சின்ன வயதிலிருந்தே குத்துச்சண்டை மேல் வெறி என்கிறாய். அங்கே பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார்கள். அதற்காகத்தான் போனாய். முதல் நாளே மூக்கு உடைந்து வந்தாய். "போதும், நாளைக்குப் போகாதே" என்றேன். "முட்டை தர்றாங்கக்கா" என்றாய்.

ஒன்றைத் தின்பாய். இன்னொன்றைக் கைத்துணியில் சுருட்டிக் கொண்டுவருவாய். நான் வேலை முடிந்து வந்து செத்த மாதிரி தூங்கிக்கொண்டிருப்பேன். கிண்ணத்தைக் கவிழ்த்து அதற்கடியில் வைப்பாய். காலையில் பள்ளிக்குப் போகும்போது வாசலில் நின்று கேட்பாய்: "முட்டை எடுத்துக்கிட்டியாக்கா?" எடுத்துக்கிட்டேன் என்று நான் சொல்லும்வரை செருப்பில் காலை விட மாட்டாய். எடுத்துக்கொள்ளாத நாட்களும் உண்டு. உரித்து உன் மதியச் சோற்றுக்குள் புதைத்து வைத்திருப்பேன். அப்போதும் எடுத்துக்கிட்டேன் என்றுதான் சொன்னேன்.

ஆறாவது ரவுண்டு முடிந்து மாஸ்டர் உன்னை இழுத்துவந்து உட்கார வைத்தார். வாயிலிருந்து பல்காப்பை எடுத்தேன். நீ என்னைப் பார்த்தாய். இருபத்தெட்டு வயது முகம், கிழிந்த புருவம், அதற்குள்ளே அந்த ஒன்பது வயதுக் கண்.

"முட்டை எடுத்துக்கிட்டியாக்கா?" என்றாய்.

மாஸ்டர் உன் கழுத்தில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. மணி அடித்தது. நீ எழுந்து போய்விட்டாய், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவன் உன்னைக் கயிற்றில் சாய்த்துவிட்டான், நீ அடி வாங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தாய், நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்கிற மாதிரி.

அதனால் எறிந்தேன்.

திரும்பி வா. அல்லது வராமல் வேறு வேலை பார். அடி வாங்காத எந்த வேலையானாலும் சரி.

அக்கா


ஜூன் 20

பொய்.

நான் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஞாபகம் இருக்கும். நீயாக ஒன்றைக் கேட்டுக்கொண்டு என் வாயில் வைக்கிறாய்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "உள்ளே சுத்தமா இருக்கு" என்றார். "ஒண்ணும் இல்லாத இடம் சுத்தமாத்தான் இருக்கும்" என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தோம்.

முட்டைக்காகத்தான் போனேன். சரி. ஆனால் முட்டைக்காகவே இருபது வருஷம் இருந்தேன் என்று நினைக்கிறாயா? படிப்பில் நான் கடைசி. வீட்டுச் சொந்தக்காரர் என்னை "இதோ பார்" என்றுதான் கூப்பிடுவார், பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. ரிங்கில் மட்டும்தான் என் பெயரை மைக்கில் சொன்னார்கள். அந்த ஒன்றைத்தான் நீ எடுத்துவிட்டாய்.

இனி எழுதாதே.


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, சட்டைப் பார்சலுக்குள் ஒரு சீட்டு. காலர் பொத்தானை மாற்றித் தைத்திருக்கிறேன்.


அக்டோபர் 27

தம்பிக்கு,

பேப்பரில் பார்த்தேன். வெற்றி. படத்தில் உன் இடது கண் வலதை விடச் சின்னதாக இருந்தது. அச்சு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான்.


டிசம்பர் 30

தம்பிக்கு,

சலவைக்கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது. உன் பழைய கூடத்து ரிங்கை விடப் பெரிது. ஒரே நேரத்தில் இருநூறு விரிப்பு. அது சுற்றும்போது எதிரில் நின்றால் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. அதனால் தினமும் உன்னோடு பேசுகிறேன். சத்தமாகவே.

அடுத்த மெஷின்காரி "யாரோட சண்டை?" என்று கேட்டாள். "தம்பியோட" என்றேன். "யாரு ஜெயிக்கிறது?" என்றாள்.

ஒரு வரி போடு. 'உயிரோடு இருக்கிறேன்' என்று போட்டால் போதும்.

அக்கா


ஜனவரி 8

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

இடதுகைக்காரன் மறுபடி ஆடச் சம்மதித்துவிட்டான். பட்டத்துக்கு. மார்ச் 22. அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். துண்டில் கிடைத்த பட்டம் அவனுக்கும் உறுத்துகிறதாம். நல்ல மனுஷன். அவன் மூக்கை உடைக்கும்போது கொஞ்சம் வருத்தப்படுவேன்.

இதுதான் கடைசி. ஜெயித்தாலும் தோற்றாலும் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். மாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். பிறகு உன் கூடவே வந்து இருப்பேன், பட்டறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. ஏதாவது பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். முட்டை நானே அவித்துக் கொடுப்பேன்.

நீ வர வேண்டும். கையைக் கட்ட வேண்டும். இந்த ஒரு வருஷத்தில் ஜெயித்த நாலு போட்டியும் எனக்குள் இறங்கவே இல்லை. யாரோ ஜெயித்த மாதிரி இருந்தது.

ஒரு நிபந்தனை. துண்டு உன்னிடம் இருக்கலாம். உன்னை விட்டுப் போகக் கூடாது. என்ன நடந்தாலும். நான் என்ன கேட்டாலும். இதை எழுதிக் கொடு. வாயால் சொன்னால் போதாது, உன் வாய் எனக்குப் பழக்கம். முடியாது என்றால் வராதே, நான் வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் இனி எனக்கு அக்கா இல்லை. இதைச் சும்மா எழுதவில்லை.

தம்பி


ஜனவரி 15

தம்பிக்கு,

முடியாது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் மேஜையில் கிடந்தது. தபால்பெட்டிவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன்.

நீ எப்படியும் ஏறுவாய். நான் இருந்தாலும் ஏறுவாய், இல்லாவிட்டாலும் ஏறுவாய். பொட்டலம் கட்டுகிறவன் கட்டிய கையோடு ஏறுவாய். நான் வந்தால் கையாவது சரியாக இருக்கும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இது முழு உண்மை இல்லை. பதினோரு மாதமாகச் சாப்பிடும்போது எதிர்ச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். எனக்கு நீ வேண்டும். அதுதான் உண்மை.

இதோ: மார்ச் 22ஆம் தேதி, என்ன நடந்தாலும், நீ என்ன கேட்டாலும், நான் துண்டை எறிய மாட்டேன்.

எழுதிவிட்டேன். பிழை இல்லை.

அக்கா


ஏப்ரல் 3

நர்ஸம்மாவுக்கு: இதை அவனுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். அவன் தானே படிக்கிற நாள் வரும்வரை தலையணைக்கடியில் வைத்துவிடுங்கள். வேறு ஊரில் எனக்கு வேலை, விடுப்பு முடிந்துவிட்டது. ஞாயிறுகளில் வருவேன்.

தம்பிக்கு,

நடந்ததை எழுதி வைக்கிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

நீ ஜெயித்துவிட்டாய். அதை முதலில் சொல்கிறேன்.

கையைக் கட்டும்போது ஏதேதோ பேசினாய். பட்டறைக்காரர் இன்னும் கெட்ட வார்த்தையில்தான் எண்ணெய் கேட்கிறாரா என்றாய். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். மாஸ்டர் வாசலில் நின்று, "ஒருவழியா ராசியாயிட்டீங்களா" என்றார். முட்டியில் இரண்டு தட்டு. "போ" என்றேன். உன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கை தவறியும் எறிந்துவிடக் கூடாது என்று துண்டை என் இடுப்பில் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தேன். சலவைக்கூடத்தில் அழுக்கு மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. அவிழ்க்க நேரமாகும். அதற்காகத்தான் போட்டேன்.

எட்டாவது ரவுண்டு முடிந்து வந்தாய். நம் மூலைக்கே வந்தாய். எனக்கு உயிர் வந்தது. உட்கார்ந்தாய். பல்காப்பை எடுத்தேன்.

கேட்டாய். அதே கேள்வி.

இந்தத் தடவை மாஸ்டருக்கும் கேட்டது. அவர் முகம் வெளிறிவிட்டது. "என்னம்மா கேக்குறான்? நிறுத்திடலாமா? நீ சொல்லு" என்றார். அவரே நிறுத்தியிருக்கலாம். என்னைச் சொல்லச் சொன்னார். போன தடவை அவருக்கும் நிறையப் பேச்சு விழுந்திருந்தது. நான் முடிச்சில் கை வைத்தேன். நீ அதைப் பார்த்தாய். கேள்வி கேட்டது ஒன்பது வயதுக் கண். முடிச்சைப் பார்த்தது அது இல்லை, நீ. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன. எதற்குப் பதில் சொல்வது?

"எடுத்துக்கிட்டேன்டா" என்றேன்.

இரண்டு தட்டு. "போ."

நீ போனாய்.

ஒன்பதாவது, பத்தாவது. அவன் அடித்தான், நீயும் அடித்தாய். மூன்று நடுவர்களும் உன் பெயரையே எழுதியிருந்தார்கள். உன் கையைத் தூக்கினார்கள். மைக்கில் உன் பெயரைச் சொன்னார்கள், இரண்டு தடவை. பட்டத்துக்கான பெல்ட்டை உன் இடுப்பில் கட்டினார்கள். இடதுகைக்காரன் உன்னைக் கட்டிப்பிடித்தான். நீ அவன் தோள் வழியாக என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாய்.

உடைமாற்றும் அறையில் உன் எதிரே உட்கார்ந்து கைக்கட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். வலது கை முடிந்தது. இடது கையை எடுத்தேன். கனமாக இருந்தது. "கையைத் தூக்கிப் பிடிடா" என்றேன். நிமிர்ந்து பார்த்தேன்.

மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். உன் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். இடது ஷூவுக்குள் என் கடிதம் நாலாக மடித்து இருந்தது. வேர்வையில் மை கலைந்து ஒன்றும் தெரியவில்லை. கடைசி வரி மட்டும் தெரிந்தது. பிழை இல்லை என்ற வரி.

முதல் தடவை செய்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று எழுதினேன். இரண்டாவது தடவைக்குக் கேட்கிறேன். நீ படித்துவிட்டுத் திட்டி எழுத வேண்டும். நல்ல திட்டாக எழுது.

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் கோபம் போய்விடும்.

ஏழாவது ரவுண்டு. நான் நின்றுகொண்டிருந்தேன். விழவில்லை. நீலக்கரையைப் பார்த்தேன். இன்னும் மூன்று ரவுண்டு இருந்தது.

இங்கே ஒரு விடுதியில் வைத்திருக்கிறார்கள். பயிற்சி முகாம் என்று நினைக்கிறேன். ஆனால் யாரும் ஓடுவதில்லை. ஒரு அம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்கிறாள். அதுதான் பயிற்சி. பென்சிலைத் தடியாகச் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். இந்தக் கடிதம் எழுத நாலு நாள் ஆயிற்று.

ஒரு பெண் ஞாயிறு தோறும் வருகிறாள். உன் மாதிரியே இருக்கிறாள். அவளிடம் உன்னைப் பற்றிப் புகார் சொன்னேன். அழுதுவிட்டாள். நல்ல பெண்.

ஏன் எறிந்தாய்?

தம்பி


செப்டம்பர் 28

தம்பிக்கு,

உன் எழுத்து பெரிதாகிவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஆறு வரி. பிழை எண்ணவில்லை.

அதன் பிறகு இன்னொரு போட்டி நடந்தது. அதில் நான் எறியவில்லை. நீ ஜெயித்தாய். பட்டம் உன்னுடையது. உன் கையை ரெஃப்ரி தூக்கும் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெல்ட்டை உன் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துப் பார். ஓரத்தில் உன் பெயர் வெட்டியிருக்கிறது. விரலால் தடவிப் பார்.

அக்கா


அக்டோபர் 19

அக்காவுக்கு,

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன்.

படம் வந்தது. யாருடைய கையையோ தூக்குகிறார்கள். நல்ல உடம்பு. தோள் நன்றாக இருக்கிறது. யார் அவன்? இடது பக்கம் தற்காப்புக் கை இறங்கி இருக்கும், நின்றிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. அவன் அக்கா சொல்லிக் கொடுக்கவில்லை போல.

எனக்கு வர வேண்டிய பட்டம் அது. நீ எறியாமல் இருந்திருந்தால் எனக்கும் அப்படி ஒரு படம் இருந்திருக்கும்.

ஏன் எறிந்தாய்?

தம்பி


நவம்பர் 2

தம்பிக்கு,

ஆமாம். நான்தான் எறிந்தேன்.

கோபமாகவே இரு. கோபமாக இருக்கும்போதுதான் எனக்கு எழுதுகிறாய்.

அக்கா


டிசம்பர் 14

அக்காவுக்கு,

இன்று கோபம் இல்லை. காலையில் எழுந்து தேடிப் பார்த்தேன், இல்லை. அதனால் உடனே எழுதுகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயிண்டர் இருக்கிறார். சாரத்திலிருந்து தலை குப்புற விழுந்தவர். அவருக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை. எனக்கும் வரவில்லைதான். அதனால் நான் அவருக்குப் போடுகிறேன், அவர் எனக்குப் போடுகிறார், மதியம் ஆகிவிடுகிறது. சாப்பிட்டு முடித்ததும் "எப்பப்பா சாப்பாடு?" என்று கேட்பார். அவர் மனைவி வந்தால் "வாங்க, உக்காருங்க" என்பார், வேற்று மனுஷியிடம் சொல்கிற மாதிரி. அந்த அம்மாவும் "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவாள்.

யாரோ ஒரு பெல்ட்டை என் கட்டிலுக்கடியில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல கனம், தங்க நிறம். பெயிண்டருக்குக் கால்சட்டை நிற்பதில்லை, அதனால் அவர் இடுப்பில் கட்டிவிட்டேன். ராஜா மாதிரி நடக்கிறார். உரியவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நேற்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது உன் ஞாபகம் வந்தது. நீ அன்றைக்குத் துண்டை எறிந்திருக்காவிட்டால் நானும் இப்படி ஆகியிருப்பேன். இப்போதுதான் புரிகிறது. இத்தனை நாள் உன்னைத் திட்டிவிட்டேன். பட்டம் போனால் போகட்டும். தலை இருக்கிறது. உனக்குக் கடிதம் எழுத முடிகிறது.

பாவம் அவர். அவருக்கு யாரும் துண்டு எறியவில்லை.

நன்றி அக்கா. இதை நேரில் சொல்ல எனக்கு வராது.

சாப்பாட்டில் முட்டை தருகிறார்கள். ஒன்று எடுத்து வைக்கிறேன். வருகிறவர்கள் யாராவது உன்னிடம் சேர்த்துவிடுவார்கள். ஞாயிறு வருவாளே, அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டிருந்தேன். எடுத்துக்கிட்டியா?

தம்பி


டிசம்பர் 18

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில், பெரிய மெஷினுக்கு எதிரில் நின்று படித்தேன். சத்தமாகப் படித்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

நன்றி என்று எழுதியிருக்கிறாய். வாங்கி வைத்துக்கொள்கிறேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பெல்ட் பெயிண்டரிடமே இருக்கட்டும். யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

ஞாயிறு அந்தப் பெண் வருவாள். காலர் பொத்தான்களை எடுத்துவிட்டு நாடா வைத்துத் தைத்த இரண்டு சட்டை கொடுத்தனுப்புகிறேன், உனக்கொன்று, அவருக்கொன்று. அவள் உன் கையைப் பிடித்து விரல் இடுக்கெல்லாம் தடவிக் கொடுப்பாள். கையை இழுத்துக்கொள்ளாதே. முட்டியில் தட்ட மாட்டாள். போ என்றும் சொல்ல மாட்டாள்.

முட்டை எடுத்துக்கிட்டேன்டா.

அக்கா